நான்கு ஆண்டுகள், 62 டைவ்கள், 1,49,800 ரூபாய்: என் ஸ்கூபா கருவிகளைப் பற்றிய மதிப்புரை

தண்டையார்பேட்டையில் குடியிருந்து, ராயபுரத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக வேலை பார்க்கும் நான், 2021 ஜனவரியில் ஏலச்சீட்டு எடுத்த பணத்தில், ஸ்கூபா டைவிங்குக்கு வேண்டிய கருவிகளைச் சிலிண்டர் நீங்கலாகச் சொந்தமாக வாங்கினேன். அன்று முதல் 2024 டிசம்பர் வரை அவற்றுக்குச் செலவான ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாங்கிய விலை 1,19,300 ரூபாய். பராமரிப்புக்குக் கொடுத்தது 30,500 ரூபாய். இந்த நான்கு ஆண்டுகளில் புதுச்சேரியிலும், கோவளத்தை ஒட்டிய கடலிலும், இரண்டு முறை அந்தமானிலுமாக 62 முறை இறங்கியிருக்கிறேன். வகுத்துப் பார்த்தால், ஒரு முறை இறங்குவதற்குக் கருவிச் செலவு மட்டுமே 2,416 ரூபாய் ஆகிறது. படகுக் கூலியும் காற்றும் பயணச் செலவும் இதில் சேரவில்லை.

நான் வழக்கமாகச் செல்லும் மையத்தில், சொந்தக் கருவி கொண்டு வருபவருக்கு ஒரு டைவுக்கு 800 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில், வாடகைக் கருவியிலேயே 62 முறையும் இறங்கியிருந்தால் எனக்கு 49,600 ரூபாயில் முடிந்திருக்கும். மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். இந்தப் பணம் எங்கே போனது, அதில் எது நியாயமான விலை, எது நியாயமற்றது என்பதைப் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன். கருவிகளைச் செய்த நிறுவனங்களின் பெயர்களை விட்டுவிடுகிறேன். நான் பார்த்தவரை இந்தக் கணக்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஏறத்தாழப் பொருந்துகிறது.

முதலில் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டரின் அழுத்தக் காற்றை மூச்சு விடும்படி குறைத்துத் தரும் கருவி. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ், ஆபத்துக்கு உதவும் ஆக்டோபஸ் என்ற உபரி செகண்ட் ஸ்டேஜ், காற்றின் அளவைக் காட்டும் கேஜ் எல்லாம் சேர்ந்து 46,000 ரூபாய். தொகுதியிலேயே விலை கூடியது இதுதான். இந்தக் கருவிக்கும் என் தொழிலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து இதன் மூல வடிவத்தை உருவாக்கியபோது, போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டினால் எரிவாயுவில் ஓடிய கார் எஞ்சின்களுக்காகக் கன்யான் செய்திருந்த வால்வைத்தான் மனிதன் மூச்சு விடுவதற்கு ஏற்றபடி மாற்றினார்கள். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் விடும் அதே வேலையை, இது நுரையீரலுக்குச் செய்கிறது.

சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜ் அதை மேலும் குறைத்து, அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கித் தருகிறது. பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் இடத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும், நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை, ஒரு மணி நேரம் வரை, ஒரு தடவைகூடத் தவறாமல் இது நடந்தாக வேண்டும். பட்டறை ஓய்வாக இருந்த ஒரு நாளில், நண்பர் ஒருவர் கழித்துக் கட்டிய பழைய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். கட்டிப் பித்தளையில் அடித்து, கடைந்து, குரோம் முலாம் பூசிய உடல். உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், காற்றின் வழியை அடைக்கும் சீட் என்ற ஒரு சிறிய திண்டு, ஓ-ரிங் எனப்படும் சில ரப்பர் வளையங்கள். அசையும் பாகங்கள் மிகக் குறைவு. ஆனால் சீட் வந்து உட்காரும் விளிம்பின் கடைசல் சுத்தத்தை நான் டீசல் எஞ்சின் இன்ஜெக்டரில்தான் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கும், அதைச் சோதித்துச் சான்று பெறுவதற்கும், இறக்குமதி வரிக்கும் சேர்த்து அந்த விலை கேட்பது எனக்கு அநியாயமாகத் தோன்றவில்லை. வாங்கும்போது கொடுத்த 46,000 ரூபாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது அதன் பிறகு வந்த செலவை. ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது கையேட்டில் உள்ள விதி. மூன்று முறை அனுப்பினேன்: 7,500, 8,200, 9,000 என்று மொத்தம் 24,700 ரூபாய். சர்வீஸில் மாற்றும் பாகங்கள் ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில், கிட் என்ற பெயரில் வருகின்றன. அதில் இருக்கும் ஓ-ரிங்குகளில் பல, உலகம் முழுவதும் எல்லாத் தொழில்களிலும் ஒரே அளவு எண்ணில் விற்பவை. குறைந்த அழுத்த ஹோஸ் பூட்டும் துளைக்கு 011, உயர் அழுத்தத் துளைக்கு 012, சிலிண்டர் வாய்க்கு 014. மண்ணடிப் பக்கம், லிங்கிச் செட்டித் தெருவில் உள்ள ஹைட்ராலிக் சாமான் கடைகளில் அளவு எண்ணும் ரப்பரின் கடினமும் சொல்லிக் கேட்டால் சில ரூபாய்க்கு எடுத்துத் தருவார்கள். சிலிண்டர் வாய் ஓ-ரிங்கை நான் இப்போது அங்கேதான் வாங்குகிறேன். 90 கடினம் உள்ள நைட்ரைல் என்று கேட்க வேண்டும், 70 கொடுத்தால் 200 பாரில் பிதுங்கிவிடும். ஆனால் சீட்டும், காற்றை வடிகட்டும் சின்டர் ஃபில்டரும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை. அவற்றை அந்த நிறுவனத்தின் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே விற்கிறார்கள். உயிர் தொங்கும் பொருள் என்பதால் கண்டவர் கையில் கொடுக்கக் கூடாது என்ற காரணத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், படகு எஞ்சின்களை அக்கக்காகப் பிரித்துப் பூட்டும் நூற்றுக்கணக்கான ஃபிட்டர்கள் வாழும் இந்த வடசென்னையில், எனக்குத் தெரிந்து ஒருவருக்குக்கூட அந்தப் பயிற்சி கிடைக்காமல், என் ரெகுலேட்டர் கூரியரில் வேறு மாநிலத்துக்குப் போய் வர வேண்டியிருப்பதற்கு அது காரணமாகாது.

இரண்டாம் முறை அனுப்பியபோது திரும்பி வர ஏழு வாரங்கள் ஆயின. எந்த அழுத்தத்தில் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள் என்ற குறிப்பு உள்ளே இல்லை. இரண்டு முறை தொலைபேசியில் கேட்ட பிறகே சொன்னார்கள். அதன்பின் பட்டறையில் கிடந்த ஒரு பிரஷர் கேஜை, மிதவைச் சட்டையின் ஹோஸில் பூட்டும்படி இணைத்து வைத்துக்கொண்டேன். சிலிண்டரைத் திறந்ததும் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் கெட்டிருக்கிறது என்று பொருள். ரெகுலேட்டர் வாங்கும் எவரும் இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றால் பணம் மிஞ்சும் என்பதற்காக அல்ல, சர்வீஸ் ஆகி வந்ததை நம்பி இறங்கலாமா என்பது கரையிலேயே தெரிந்துவிடும் என்பதற்காக.

பி.சி.டி. எனப்படும் மிதவைச் சட்டைக்கு 32,000 ரூபாய் கொடுத்தேன். மொத்தத் தொகுதியில் விலைக்குத் தகாத பொருள் இதுதான் என்பது என் முடிவு. நைலான் துணி, உள்ளே காற்றுப் பை, பிளாஸ்டிக் கொக்கிகள், காற்றை ஏற்றவும் இறக்கவும் பொத்தான்கள். இவற்றில் ரெகுலேட்டரில் உள்ள கடைசல் நுணுக்கம் எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டில், உப்பு ஏறிக் காற்றேற்றும் பொத்தான் சிக்கிக்கொண்டது. அது ஆபத்தான பழுது. சட்டை தானாக ஊதிக்கொண்டு ஆளை மேலே இழுத்துவிடும். கரையில் வைத்துச் சோதித்தபோது கண்டதால் தப்பித்தேன். மாற்றுவதற்கு 2,800 ரூபாய். புதிதாக வாங்குபவர்கள் மிதவைச் சட்டையை மையத்திலேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. கடைசியாக வாங்க வேண்டிய பொருள் இது.

இங்கே தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து வந்ததும் கருவிகளை நல்ல தண்ணீரில் ஊற வைக்கச் சொல்கிறார்கள். கடலோரத்தில் உள்ள எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். முதல் ஆண்டில் அந்தத் தண்ணீரில் கழுவியதால்தான் பொத்தானிலும் ஹோஸ் முனைகளிலும் வெள்ளைப் படிவம் கட்டியது என்பது பிறகு புரிந்தது. இப்போது மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்தில் இரண்டு குடம் தனியாக எடுத்து வைக்கிறோம். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எங்கள் பக்கத்துக்குத்தான் தண்ணீர் அனுப்புகிறது. 2019 கோடையில், ஒரு குடத்துக்காக என் மனைவி லாரிக்குப் பின்னால் நின்றது நினைவில் இருப்பதால், கருவி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் வாசல் தெளிக்க வைத்துவிடுவேன்.

முகக்கண்ணாடிக்கு 3,200 ரூபாய் கொடுத்தேன். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சில நூறு ரூபாய்க்கு விற்கும் நீச்சல் கண்ணாடி இதற்கு ஈடாகாது. மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடிதான் வேண்டும். ஆழம் போகப் போகக் கண்ணாடிக்குள் உள்ள காற்று சுருங்கி முகத்தைக் கவ்வும்போது, மூக்கின் வழியே சற்று ஊதித்தான் அதைச் சரிசெய்ய முடியும். உடைந்தால் கூர்முனைகளாகச் சிதறாத டெம்பர்டு கண்ணாடியாகவும் இருக்க வேண்டும். என் முகத்துக்குப் பொருந்திய கண்ணாடி நான்கு ஆண்டுகளில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொடுத்த காசுக்கு மேல் உழைத்த பொருள் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

துடுப்புக் காலணியும் பூட்ஸும் 7,500. நன்றாக இருக்கின்றன; இதில் பாதி விலைக்கு வந்தவையும் இதே வேலையைச் செய்வதை உடன் இறங்கியவர்களிடம் பார்த்தேன். 3 மில்லிமீட்டர் வெட்சூட் 8,000. நம் கடல் குளிர்வதில்லை. சொறி மீன் தீண்டாமலும் பாறை சிராய்க்காமலும் இருக்கத்தான் அது உதவுகிறது, அதற்கு விலை குறைந்த மெல்லிய லைக்ரா உடையே போதும்.

மிதக்காமல் கீழே இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைக்கான ஈயத்தைப் பற்றிச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. டைவிங் சாமான் விற்கும் இடத்தில் ஈயக் கட்டிகளுக்குக் கேட்ட விலை என்னைத் திகைக்க வைத்தது. காசிமேட்டில் வலைக்கு ஈயக்குண்டு விற்கும் கடைக்குப் போய், நான்கு கிலோ ஈயம் வாங்கி, வார்த்துத் தரச் சொன்னேன். நல்ல நைலான் பட்டையும், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கியும் சேர்த்து 1,600 ரூபாயில் முடிந்தது. கொக்கியை மட்டும் டைவிங்குக்கென்றே செய்ததாக வாங்க வேண்டும். ஆபத்து நேரத்தில் எடையை உதற முடியாமல் போனால் மற்ற எந்தக் கருவியும் கை கொடுக்காது.

எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை அத்தை மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தான், 21,000 ரூபாய். அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டு விதிப்படி, பயணி தன்னோடு கொண்டுவரும் பொருளுக்கு 50,000 ரூபாய் வரை சுங்க வரி கிடையாது என்பதால் அந்த விலையில் கிடைத்தது. இரண்டு முறை பேட்டரி மாற்றி நீர்புகாச் சோதனை செய்ததில் 3,000 ரூபாய். இதன் விலையைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழாகி, மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். 1908-இல் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து அட்டவணை போட்ட காலம் முதல் சேர்ந்த அறிவு, மணிக்கட்டில் கட்டும் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. பயிற்சியில் கற்ற அட்டவணையில், அதிகபட்சம் கீழே இருக்கக்கூடிய நேரம் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம் என்று இருக்கும். நாம் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை என்பதால், நொடிக்கு நொடி கணக்கிடும் கருவி தரும் பாதுகாப்பை அட்டவணை தராது. வாடகைக்கு எடுப்பதிலும் ஒரு குறை உண்டு: காலையில் வேறொருவர் கட்டி இறங்கிய கம்ப்யூட்டர், மாலையில் என் உடலில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்பதை எப்படிச் சொல்லும்? எனவே முகக்கண்ணாடிக்கு அடுத்து இதைத்தான் வாங்க வேண்டும்.

சிலிண்டரை நான் வாங்கவில்லை. உயர் அழுத்தச் சிலிண்டர்கள் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் விதிகளுக்கு உட்பட்டவை. குறித்த காலத்துக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரப்ப இடம் வேண்டும். நம் செய்தித்தாள்கள் ஸ்கூபா சிலிண்டரை எப்போதும் ஆக்சிஜன் சிலிண்டர் என்றே எழுதுவதால், பட்டறையில் பலர் வெல்டிங் ஆக்சிஜனையே நிரப்பினால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறேழு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது. பஞ்சர் கடை கம்ப்ரசர் பத்து பாருக்கு மேல் ஏறாது. அந்தக் காற்றில் எண்ணெயும் கலந்திருக்கும்.

இந்த விலைகள் என்னைப் போல விடுமுறையில் இறங்குபவனுக்கு வெறும் கணக்கு. காசிமேட்டில் சிலருக்கு அப்படி இல்லை. விசைப்படகின் புரொப்பெல்லரில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால், துறைமுகத்துக்குள்ளேயே ஒருவர் கத்தியோடு முங்கி அறுத்தெடுக்க வேண்டும். எங்கள் தெருவில் இருந்து நான்கு இளைஞர்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதக்கும் கலங்கல் தண்ணீரில், ஒரு படகுக்கு நாற்பது ஐம்பது முறை முங்கி எழுந்து, 1,500 ரூபாயை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அவர்களில் மூத்தவன் ஒருநாள் என் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த ரெகுலேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது எவ்ளோ ஆவும்?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கம்ப்ரசர்ல ஹோஸ் மாட்டி இறங்கலாம்னு ஒருத்தர் சொல்றாருண்ணே, அதுக்கு எட்டாயிரம்தான் ஆவுமாம்" என்றான்.

விலையின் மிகப் பெரிய கேடு இதுதான் என்று நான் கருதுகிறேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்த கம்ப்ரசர் புகையையும் சேர்த்து இழுக்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, மயங்கும்வரை தெரியாது. தெற்கே சங்கு எடுக்க அப்படி இறங்குவதும் ஆபத்தான பழக்கம்தான். என் கருவியை இரவல் கொடுப்பதும் தீர்வாகாது. மூச்சுப் பிடித்து முங்கும் பழக்கம் ஊறியவர், சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டு அதே பழக்கத்தில் மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், சில அடி ஆழத்திலிருந்தேகூட நுரையீரல் கிழியலாம். எனவே பயிற்சிக் கட்டணமும் கருவியின் விலையோடு சேர்ந்ததுதான்; நான் கட்டியது 24,000 ரூபாய்.

அவனோடு உட்கார்ந்து வேறு வகையில் கணக்குப் போட்டோம். கடல் தொழிலில் வரும்படியைப் பிரிக்கும்போது ஆளுக்கு மட்டும் பங்கு போடுவதில்லை. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று எடுத்து வைப்பார்கள். அதுபோல, ஒவ்வொரு வேலையிலும் 300 ரூபாயைக் கருவிப் பங்காக எடுத்து வைப்பது. நான்கு பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு நூறு படகுகள் கிடைக்கின்றன என்றான். அப்படியானால் 30,000 ரூபாய். சர்வீஸுக்கு 9,000 போனாலும் 21,000 மிஞ்சும். ஒரு ரெகுலேட்டர் தொகுதியின் விலை இரண்டரை ஆண்டுக்குள் அடைபட்டுவிடும். காற்றுதான் பெரிய தடை. நான் தேடிய அளவில் எங்கள் பக்கம் நிரப்பித் தரும் இடம் கிடைக்கவில்லை. நகரத்தின் தென்கோடியிலிருந்து வாடகைச் சிலிண்டர்களைக் கொண்டுவர ஆட்டோவுக்கு மட்டும் 900 ரூபாய், நிரப்பலோடு சேர்த்து வாடகை ஒன்றுக்கு 400. ஒரே நடையில் நான்கு சிலிண்டர் கொண்டுவந்தால் 2,500 ஆகிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பாரை மிச்சம் வைத்துவிட்டு மூன்று மீட்டர் ஆழத்தில் கடினமாக வேலை செய்தால் நாற்பது நிமிடம் வரும், அதாவது ஒரு சிலிண்டருக்கு இரண்டு படகு. படகுக்கு 312 ரூபாய். கருவிப் பங்கும் காற்றும் போக 888 ரூபாய் கையில் நிற்கிறது. ஐம்பது முறை முங்கும் இடத்தில் ஒரே முறை இறங்கினால் போதும். மேலே ஒருவன் எஞ்சின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கயிறு பிடிக்க, கீழே ஒருவன் வேலை செய்ய வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இருவர் சென்ற பிப்ரவரியில் பயிற்சி முடித்துவிட்டார்கள். முதல் ஆண்டுக்கு என் ரெகுலேட்டரையே பங்குக்குக் கொடுத்திருக்கிறேன். நான் இறங்கும் நாள்களைத் தவிர அது அவர்களிடம் இருக்கும். இரண்டு மாதமாக ஒவ்வொரு வேலைக்கும் முன்பு பட்டறைக்கு வந்து, கேஜில் முள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. அன்று காலையிலேயே ரெகுலேட்டரைக் கூரியரில் சர்வீஸுக்கு அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம். இரண்டாம் முறை போல ஏழு வாரம் ஆனாலும், 61 நாள் கழித்துப் படகுகள் கடலுக்குப் போகும்போது அது கையில் இருக்கும்.